இமயத்துக்குப் புறப்படுமுன்

"மலையிலேயே பிறந்து மலையிலேயே வளருகிற உங்களுக்கு இன்னொரு மலை எதற்கு?" எங்கள் இமயப் பயணத் திட்டத்தைக் கேள்விப்பட்டதும் பெரியவர்கள் பலர் கேட்ட முதற் கேள்வி இதுவே. சிலர் அன்போடு கேட்டனர். சிலர் சிரித்துக்கொண்டே கேட்டனர். "பெண் பிள்ளைகளுக்குப் பனிமலையில் என்ன வேலை?" என்று சிரிக்காமலே கேட்டவர்களும் உண்டு. இவற்றுக்கெல்லாம் விடை சொல்ல வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தோம். ஆனால் ஒரு தாய் கேட்ட வேறொரு கேள்வி, எங்கள் திட்டத்தையே பாதியில் நிறுத்தித் திரும்பவும் எழுத வைத்துவிட்டது. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

முதலில் திட்டம். மேல்நிலை இரண்டாம் ஆண்டில் பயிலும் நாங்கள் அறுவர், இரண்டு மாதங்களாக ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் இதை எழுதி வருகிறோம். பொதுத் தேர்வு முடிந்தபின், வயது வரம்பு எட்டியதும், டார்ஜிலிங்கிலுள்ள இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி பெறுவது. அதில் தேறினால், மறு ஆண்டு தகுதி பெற்ற வழிகாட்டி ஒருவரின் துணையோடு, இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகிலுள்ள பிரண்ட்ஷிப் சிகரத்தில் ஏற முயல்வது. முயல்வது என்றுதான் எழுதியிருக்கிறோம். ஏறுவது என்று எழுதவில்லை. இந்த ஒரு சொல்லுக்காக எங்களுக்குள் ஒரு மாலை முழுதும் சண்டை நடந்தது.

மலைப் பிள்ளைகள் என்ற பெருமை எங்களுக்கும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததும் அது சற்று அடங்கிற்று. நம் உதகை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். பிரண்ட்ஷிப் சிகரமோ 5,289 மீட்டர்! தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தாலும் 15 மீட்டர் குறையும். இத்தனைக்கும் இமயத்தில் அது சிறிய சிகரங்களுள் ஒன்று.

உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும் என்பதைப் பௌதிகப் பாடத்தில் படிக்கிறோம். சமவெளியிலிருந்து வரும் அத்தை, சித்திமாரோ அதை நம் வீட்டுச் சமையலறையிலேயே கண்டுகொள்கிறார்கள். "உங்கள் ஊரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறதே!" என்று குறைப்படுகிறார்கள். உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதுதான் காரணம். கடலோரத்தில் உள்ள காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமே இங்கு உண்டு. 5,300 மீட்டரில் அது பாதியளவாகிவிடும். எவரெஸ்டு உச்சியில் மூன்றில் ஒரு பங்குதான். உதகையில் வளர்ந்தவள் என்ற ஒரே காரணத்துக்காக இமயம் எவளுக்கும் சலுகை காட்டாது. நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களைக் கூட மலைநோய் தாக்கும். தலைவலியில் தொடங்கி, நுரையீரலில் நீர் கோத்து, மூளை வீங்கி உயிரையே குடிக்கும். தாமதமின்றிக் கீழே இறக்குவதே முதல் மருந்து.

இதனால்தான் அங்கே ஏறும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 3,000 மீட்டருக்கு மேலே சென்றபின், ஓர் இரவு உறங்கும் இடத்துக்கும் மறு இரவு உறங்கும் இடத்துக்கும் இடையே 300 முதல் 500 மீட்டருக்கு மேல் உயர்வு கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து நம் மலை ரயில் 46 கிலோமீட்டரில், ஒரே காலைப் பொழுதில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் நம்மைக் கொண்டு வந்து சேர்த்துவிடுகிறது. அதே உயர்வுக்கு அங்கே ஐந்தாறு நாட்கள்! "பத்தே நாளில் சிகரம்" என்று விளம்பரம் செய்யும் குழுக்களைப் பார்த்தால், அந்தப் பத்து நாட்களில் ஓய்வு நாள் எத்தனை என்பதை முதலில் கேளுங்கள் என்போம்.

சரி, தமிழ்ப் பெண்ணுக்கும் இமயத்துக்கும் என்ன தொடர்பு என்பார்க்கு ஒரு சிறு செய்தி. எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட உதவிய பெரிய நில அளவைப் பணி எங்கே தொடங்கிற்று, தெரியுமா? சென்னையில், புனித தோமையார் மலையடியில்! 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்ப்டன் அங்கேதான் அந்தப் பணிக்காகத் தம் அளவைச் சங்கிலியை நீட்டினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1852இல், அதே அளவை வலையின் எண்களை வைத்துக்கொண்டு வங்கக் கணிதர் இராதாநாத் சிக்தார், பதினைந்தாம் எண்ணிட்ட சிகரமே உலகில் உயர்ந்தது என்று கண்டார். 1856இல் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனமும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடி. அத்தனை தொலைவிலிருந்து, கருவிகளை மட்டும் கொண்டு செய்த கணக்கில் 30 அடிதான் வேறுபாடு. திருத்தூதர் தோமா நடந்த மண்ணில் தொடங்கிய கோடு இமயத்தில் முடிந்ததை எண்ணும்போது, எங்கள் கணக்கு டீச்சர் தரும் வீட்டுப் பாடத்தின் மேல் கூடச் சிறிது மரியாதை பிறக்கிறது.

பெண்கள் போகலாமா என்ற கேள்விக்கு நாங்கள் நெடுநேரம் விடை சொல்லப் போவதில்லை. 1975 மே 16 அன்று ஜப்பானின் ஜுன்கோ தாபெய் எவரெஸ்டில் நின்றார். 1984 மே 23 அன்று உத்தரகாசிப் பகுதியைச் சேர்ந்த பச்சேந்திரி பால், இந்தியப் பெண்களுள் முதல்வராக அங்கே நின்றார். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் பனிச்சரிவு ஒன்று அவரது கூடாரத்தை மூடிற்று; உடனிருந்தவர்கள் அவரைத் தோண்டி எடுத்தார்கள். அவர் ஆசிரியப் பயிற்சி பெற்ற பெண் என்பதை நம் ஆசிரியைகள் கவனிப்பார்களாக! சரியாக 39 ஆண்டுகள் கழித்து, அதே மே 23 அன்று, 2023இல், விருதுநகர் மாவட்டத்து ஜோகில்பட்டியில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்டை அடைந்தார். ஜப்பானிய மொழி கற்பித்து வந்தவர். இரண்டு பெண் குழந்தைகளின் தாய். தமிழக அரசு 10 இலட்சம் ரூபாய் உதவிற்று. அதுவும் முழுச் செலவுக்குப் போதவில்லை.

ஆனால் எங்களை அதிகம் ஈர்த்தவள் பூர்ணா. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில், இன்றைய தெலங்கானாவில், அரசு சமூக நல உறைவிடப் பள்ளியில் படித்த ஏழை வீட்டுப் பிள்ளை. 2014 மே 25 அன்று எவரெஸ்டில் ஏறியபோது அவளுக்கு வயது பதினான்கு கூட நிரம்பவில்லை. செய்தித்தாள்கள் வயதைத்தான் எழுதின. நாங்கள் தேடிப் படித்தது அதற்கு முந்தைய ஏற்பாட்டை. நூறு பிள்ளைகளுக்கு மேல் புவனகிரிக் கோட்டைப் பாறையில் பயிற்சி பெறத் தொடங்கினர். அவர்களில் தேர்ந்தவர்கள் டார்ஜிலிங் சென்றனர். அங்கிருந்தும் சிலரே கடுங்குளிர் காலத்தில் லடாக்குக்கு அனுப்பப்பட்டனர். கடைசியில் எவரெஸ்டுக்குப் புறப்பட்டவர்கள் பூர்ணாவும் ஆனந்த் குமார் என்ற மாணவனும் மட்டுமே. சலித்துச் சலித்து இருவரை எடுத்த அந்தப் பொறுமையைத்தான் நாங்கள் திட்டம் என்கிறோம். பதிமூன்று வயதில் போகலாமா என்று கேட்டால், கூடாது என்றே எங்களில் ஐவர் சொல்வோம்; ஒருத்தி மட்டும் இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறாள்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறோம்.

எங்கள் அறுவரில் இருவரின் தாய்மார் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்கள். ஒரு ஞாயிறு மாலை, குன்னூருக்குக் கீழே உள்ள லைன் வீடு ஒன்றில் அமர்ந்து, நோட்டுப் புத்தகத்தை விரித்துத் திட்டத்தைப் படித்துக் காட்டினோம். பூட்ஸ், பனிக்கோடரி, உறங்கு பை, கூடாரம், மண்ணெண்ணெய் அடுப்பு, பதினைந்து நாள் உணவு என்று பட்டியல் நீண்டது. அந்த அம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் ஒன்றே ஒன்று கேட்டார்: "இத்தனையும் அங்க யாரும்மா தூக்குறது?"

எங்களிடம் விடை இல்லை. "அதற்கு ஆள் இருப்பார்கள்" என்றாள் எங்களில் ஒருத்தி. சொல்லி முடித்ததுமே அவள் முகம் சிவந்துவிட்டது. காலை முதல் மாலை வரை சரிவில் ஏறி இறங்கி, தலையிலிருந்து முதுகில் தொங்கும் மூட்டையோடு எடை போடும் இடத்துக்கு நடக்கும் ஒருவரின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை, கறுப்புத் தேநீர் தந்தார்.

போன ஆண்டு நடந்தது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. எங்கள் சாரணியர் குழு ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மேலேயுள்ள குன்றுக்கு நடைப்பயணம் போயிற்று. அவ்வழி தெரிந்த தோட்டக் காவலர் ஒருவர் முன்னே நடந்தார். உச்சிக்கு இன்னும் அரை மணி நடை இருக்கையில், அவர் நின்று மூக்கை உயர்த்திக் காற்றைப் பார்த்தார். "மூடுபனி வருது, திரும்பலாம்" என்றார். எங்களுக்கு ஆத்திரம்! உச்சி கண்ணுக்குத் தெரிகிறதே என்று வாதாடினோம். அவர் பதில் பேசாமல் கீழே இறங்கத் தொடங்கினார், சகோதரியும் பின்தொடர்ந்தார், முணுமுணுத்துக்கொண்டே நாங்களும் சென்றோம். இருபது நிமிடத்தில் முன்னே போகிறவளின் முதுகு கூடத் தெரியவில்லை. பக்கத்துப் புதரில் காட்டெருமையின் மூச்சு கேட்டது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, செபமாலை சொல்லிக்கொண்டே கீழே வந்து சேர்ந்தோம். பிறகு பொட்டலங்களைப் பிரித்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். அன்று நாங்கள் கட்டிக்கொண்டு போனவை சரியாக 34 பொட்டலங்கள். மாணவியர் 32, சகோதரி ஒருவர், ஆசிரியை ஒருவர். காவலர் தள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தபோதுதான் சகோதரி கவனித்தார். தம் பொட்டலத்தை அவரிடம் கொடுத்துவிட்டார். எங்கள் உயிரைக் காத்தவருக்கு நாங்கள் சோறு கட்டவில்லை. திட்டம் போட்டவர்கள் நாங்கள்தாம்.

இமயத்து மலையேற்றத்தின் கதையிலும் இந்த 34ஆம், 35ஆம் பொட்டலத்தின் கணக்கு நெடுகிலும் வருகிறது. எரிக் ஷிப்டன் என்ற புகழ்பெற்ற மலையேறி, இலங்கையில் 1907இல் பிறந்தவர். தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் மகன். 1935இல் அவர் எவரெஸ்டை ஆராயப் புறப்பட்டபோது, டார்ஜிலிங் என்ற இன்னொரு தேயிலை ஊரில் சுமைகாரர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களுள் சேர்ந்துகொண்ட ஓர் இளைஞரே டென்சிங் நார்கே. சுமைகாரராகத் தொடங்கிய அவர், தமது ஏழாவது முயற்சியில், 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹில்லாரியுடன் உச்சியில் நின்றார். மறு ஆண்டு நவம்பரில் டார்ஜிலிங் கழகம் தொடங்கியபோது, களப் பயிற்சிக்கு முதல் இயக்குநராக அமர்ந்தவரும் அவரே.

எல்லாச் சுமைகாரர்களும் டென்சிங் ஆகவில்லை. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்புப் பனிவீழ்ச்சியில் பனிப்பாறை சரிந்து 16 பேர் இறந்தனர். பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளர். பிறர் ஏறுவதற்காகப் பொருள் கொண்டு போய்க்கொண்டிருந்தவர்கள். ஈமச் செலவுக்கென்று அரசு முதலில் அறிவித்த தொகை, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்தனர், அந்த ஆண்டு நேபாளப் பக்கத்தில் ஏற்றம் ஏறத்தாழ நின்றே போயிற்று. பூர்ணா ஏறியது அதே வசந்தத்தில், திபெத்துப் பக்கத்திலிருந்து.

ஆகவே எங்கள் கருத்து இது. வழிகாட்டியோடு போகும் பயணம் கடையில் வாங்கும் சரக்கு அன்று. பணம் கட்டிவிட்டோம், உச்சியைக் காட்டு என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. 1996 மே 10, 11 ஆகிய நாட்களில் எவரெஸ்டில் எண்மர் இறந்தார்கள். வழிகாட்டிகளோடு சென்ற குழுக்களில், பிற்பகல் 2 மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்ப வேண்டும் என்பது முன்பே பேசிய வரம்பு. 2 மணி கடந்தும் சிலர் ஏறினர். மாலையில் புயல் வந்தது. ராப் ஹால், ஸ்காட் பிஷர் என்ற பேர்பெற்ற வழிகாட்டிகள் இருவரும் அங்கேயே மாண்டனர். எங்களை அங்கே யாரேனும் கொண்டு போய் வைத்திருந்தால், காவலரோடு சண்டை போட்டதைப் போலவே அவர்களோடும் சண்டை போட்டிருப்போம் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் நோட்டின் மூன்றாம் பக்கத்தில், சிகர நாளன்று திரும்பும் நேரத்தை வழிகாட்டியே குறிப்பார், அதற்கு மேல் பேச்சில்லை என்று எழுதி அறுவரும் கையெழுத்திட்டோம். வாதாடும் அந்தத் தோழியின் கையெழுத்துத்தான் எல்லாவற்றிலும் பெரியது.

வழிகாட்டியை அமர்த்துமுன் கேட்க வேண்டியவற்றையும் மாற்றி எழுதினோம். முன்பு "கூடாரம் எப்படி, உணவு எப்படி" என்று தொடங்கியிருந்தோம். இப்போது முதல் கேள்வி, சுமைகாரர்களுக்குக் காப்பீடு உண்டா என்பது. ஒருவர் எத்தனை கிலோ சுமப்பார், அவருக்குப் பூட்ஸும் கம்பளி உடையும் யார் தருவது, அவர் நோயுற்றால் கீழே யார் இறக்குவது என்பன அடுத்தவை. கூடாரம் ஏழாவது வரிசைக்குப் போய்விட்டது.

முதலில் பயிற்சிக் கழகத்துக்குப் போக விரும்புவதற்கும் இதுவே காரணம். அங்கே தன் பொதியைத் தானே சுமக்க வேண்டும். டார்ஜிலிங் பாறைகளில் கயிறு கட்டப் பழகி, சிக்கிமில் யுக்சம் என்னும் சிற்றூரிலிருந்து காட்டு வழியே நடந்து, ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்திலுள்ள சௌரிகாங் முகாமை அடைந்து, பனியாற்றில் பயிற்சி பெற வேண்டும். பதினைந்து கிலோவை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் நடந்தவள், பிறகு இன்னொருவர் முதுகில் எதை ஏற்றலாம் என்று யோசித்தே ஏற்றுவாள்.

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. பயிற்சியிலும் ஆபத்து உண்டு. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றக் கழகத்தின் குழுவினர் திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கினர். இருபத்தேழு உடல்கள் கிடைத்தன. இருவரின் உடல் கிடைக்கவில்லை. இறந்தவர்களுள் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதத்தில் 16 நாட்களுக்குள் எவரெஸ்டிலும் மகாலுவிலும் ஏறியவர் அவர். இந்தச் செய்தியைத் திட்டத்திலிருந்து விட்டுவிடலாம், அம்மா படித்தால் பயப்படுவார் என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள். மறைத்துப் பெறும் அனுமதி அனுமதி அன்று என்று மற்றவர்கள் எண்ணியதால், அது நான்காம் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கிறது.

"இதெல்லாம் ஒழுக்கமான கத்தோலிக்கப் பெண்களுக்கு ஏற்றதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு நாங்கள் பணிவோடு ஒரு திருத்தந்தையைச் சுட்டிக் காட்டினோம். 1922இல் திருத்தந்தையான பதினோராம் பத்திநாதர், இளம் குருவாக இருந்தபோது தேர்ந்த மலையேறி. 1889இல் ரோசா மலையின் கடினமான கிழக்குச் சுவரில், மலை வழிகாட்டியின் துணையோடு ஏறினார். இருட்டிவிட்டதால், பாறை விளிம்பொன்றில் கடுங்குளிரில் இரவைக் கழித்தார். 1923இல் மெந்தோன் நகரப் புனித பெர்னார்டை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவர்தாம். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜோர்ஜோ பிரசாத்தியும் மலையை நேசித்த இளைஞரே. பெரியவர், "அவர்களெல்லாம் ஆண்கள்" என்றார். பச்சேந்திரி பாலிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று.

எஞ்சியிருப்பது பணம். கோவையிலிருந்து நியூ ஜல்பாய்குரிக்கு ரயில், அங்கிருந்து மேலே வண்டி, கழகக் கட்டணம், பூட்ஸ். விளையாட்டு விழாவன்று தேநீரும் வர்க்கியும் விற்றதில் பூட்ஸுக்கு மட்டும் ஓரளவு தேறியது. செலவை அறுவருக்கும் பொதுவாக வைத்திருக்கிறோம். யாரால் எவ்வளவு தர இயலும் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சகோதரியின் மேசையில் ஓர் உறை இருக்கிறது, அதில் போட்டுவிடுகிறோம். இந்த மலரைப் படிக்கும் பழைய மாணவியரின் வீட்டில் பயன்படுத்தாத உறங்கு பையோ முதுகுப் பையோ இருந்தால் இரவல் தாருங்கள். கிழியாமல் திருப்பித் தருவோம்.

நோட்டின் முதற் பக்கத்தில் முன்பு எங்கள் ஆறு பெயர்கள் மட்டும் இருந்தன. இப்போது கீழே வழிகாட்டி, சமையற்காரர், சுமைகாரர் என்று பெயரில்லாத வரிகளும் உண்டு. உணவுக் கணக்கு அவர்களையும் சேர்த்தே போடப்பட்டிருக்கிறது. கடைசிப் பக்கம் பெற்றோர் ஒப்புதலுக்கு. இதுவரை நான்கு கையெழுத்துகள் கிடைத்துள்ளன. லைன் வீட்டு அம்மாளின் கைநாட்டும் அவற்றுள் ஒன்று. மற்ற இருவரின் வீட்டுக்கு வரும் ஞாயிறு பூசைக்குப் பின் எங்களோடு வருவதாகச் சகோதரி சொல்லியிருக்கிறார்.